மணிபல்லவத்திற்கு ஒரு பயணத் திட்டம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மத்தியதரைக் கடல் நாடுகளைக் காணப் புறப்படுவோர் தம் பயணத்தை வகுத்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. ரோம், ஏதென்சு, இசுதான்புல் எனப் பழம்பெரு நகரங்கள் சிலவற்றைத் தேர்வர். அவற்றோடு சிசிலி, கிரீட்டு போன்ற தீவு ஒன்றையும் சேர்த்துக்கொள்வர். நாடுகள் வேறு, மொழிகள் வேறு, சமயங்களும் வேறு. ஆயினும் அக்கடலை ஒரு பெரிய வீட்டின் முற்றமாகவும், சுற்றிலும் உள்ள நகரங்களை அம்முற்றத்தைப் பார்த்துத் திறக்கும் அறைகளாகவும் காணும் பார்வை அவர்களிடம் இருக்கிறது. ஓர் அறையில் தொடங்கிய கதை மற்றோர் அறையில் முடிகிறது என்பதை அவர்கள் அறிவர்.

காவிரிப் படுகையில் பிறந்தோர்க்கும் அத்தகைய முற்றம் ஒன்று உண்டு. தஞ்சை, குடந்தை, சீகாழி, புகார், நாகை ஆகியவை அதன் மேற்குக் கரை அறைகள். எதிர்க்கரையில் யாழ்ப்பாணமும் மாதோட்டமும் திருக்கோணமலையும், உள்ளே அனுராதபுரமும் பொலன்னறுவையும் இருக்கின்றன. இடையில் கிடப்பது ஒரு குறுகிய கடல். ஆயினும் இன்று தஞ்சை வட்டாரத்தில் சுற்றுலாத் திட்டம் வகுப்போர் பெரிய கோயிலையும் தாராசுரத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் ஒரே நாளில் காரில் சுற்றிவந்து, கணக்கு முடிந்தது என்று கருதுகின்றனர். கடல் அவர்கள் திட்டத்தில் இல்லை. நிலப்படம் நாகையோடு முடிந்துவிடுகிறது.

வட்டத்தின் அன்பர்கள் சிலர் இக்கடலைக் கடந்து ஒரு பயணம் மேற்கொள்ள எண்ணியிருக்கும் வேளையில், அத்திட்டத்தை எவ்வாறு வகுப்பது என்பது குறித்தே இவ்வுரை அமைகிறது. எந்த ஊர், எத்தனை நாள், எந்தப் பருவம் என்ற வினாக்கள் இன்றியமையாதவை. அவற்றுக்கு முன்னே கேட்க வேண்டிய வினா மற்றொன்றும் இருக்கிறது. செல்பவர் எந்த உறவு முறையில் செல்கிறார் என்பதே அது.

தமிழில் இக்கடற்பயணத்தின் முதல் திட்டம் மணிமேகலையில் கிடைக்கிறது. புகாரில் பிறந்த மணிமேகலையை மணிமேகலா தெய்வம் தூக்கிச் சென்று மணிபல்லவத் தீவில் விடுகிறது. அங்கே அவள் புத்த பீடிகையைக் கண்டு தன் பழம்பிறப்பை உணர்கிறாள். தீவதிலகையின் வாயிலாகக் கோமுகிப் பொய்கையின் சிறப்பை அறிந்து, அமுதசுரபி என்னும் பாத்திரத்தைப் பெறுகிறாள். பெற்றபின் தீவில் தங்கவில்லை, புகாருக்கே திரும்புகிறாள். அப்பாத்திரத்தில் ஆதிரை முதற்பிச்சை இடுகிறாள். காயசண்டிகையின் யானைத்தீ நோய் தணிகிறது. தீவுக்குச் சென்றவள் கொண்டு வந்தது பசித்தோர்க்குப் பயன்படும் பொருள் என்பதைப் பயணம் வகுப்போர் மனத்தில் இருத்த வேண்டும்.

அதே காப்பியத்தில் இப்பாத்திரத்தை முன்பு வைத்திருந்த ஆபுத்திரனின் கதையும் வருகிறது. அவன் ஏறிச் சென்ற கப்பல் காற்றின் காரணமாக மணிபல்லவத்தில் தங்குகிறது. அவன் இறங்கித் தீவைப் பார்க்கிறான். அவன் ஏறிவிட்டான் என எண்ணிக் கப்பல் இரவிலேயே புறப்பட்டுவிடுகிறது. உண்பார் எவருமில்லாத தீவில், எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரத்தோடு அவன் தனித்து நிற்கிறான். அதைக் கோமுகியில் இட்டு, உண்ணாது உயிர் விடுகிறான். கொடுப்பதற்கு ஆளில்லாத இடத்தில் கொடைப்பொருளுக்குப் பொருளில்லை என்று சாத்தனார் கருதியிருத்தல் வேண்டும்.

மணிபல்லவம் யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள நயினாதீவு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து, மறுத்துரைப்போரும் உளர். அவ்வழக்கை இங்கே தீர்க்க வேண்டுவதில்லை. கருதத்தக்கது வேறொன்று. ஓர் இருக்கைக்காக நாக அரசர் இருவர் போரிட்டதும், புத்தர் இடைபுகுந்து அப்போரை நிறுத்தியதும் மணிமேகலையில் வருகின்றன. இலங்கையின் பாலி நூலான மகாவம்சமும் நாகதீபத்தில் மகோதரன், சூலோதரன் என்னும் நாக அரசர்கள் மணிப்பீடத்துக்காகப் பொருததையும், புத்தர் அமைதி செய்ததையும் கூறுகிறது. இரு மொழியாரும் ஒரே கதையைத் தத்தம் நூல்களில் காத்து வைத்திருக்கின்றனர். அக்கதை சண்டை நின்ற கதை. இன்றும் நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அருகருகே இருக்கின்றன. அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டு ஒன்று, 12 ஆம் நூற்றாண்டில் ஆண்ட சிங்கள மன்னன் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் பொறிப்பித்தது. உடைந்த கப்பல்களில் யானையும் குதிரையும் கொணர்ந்தவற்றில் நான்கில் ஒரு பங்கே அரசுக்கு, எஞ்சியது உடையவனுக்கு; பிற சரக்குக் கப்பல்களில் பாதிக்குப் பாதி என்று அது விதிக்கிறது. வந்து சேரும் அயலார்க்கு நீதி செய்ய எண்ணிய அரசன், அவர்கள் படிக்கும் மொழியிலேயே அதை எழுதுவித்தான்.

மற்றொரு வரலாறும் இதே கடலில் எழுதப்பட்டிருக்கிறது. சோழர் படையெடுப்பின் வரலாறு அது. முதலாம் இராசராசன் காலத்தில், 993 ஆம் ஆண்டளவில், சோழப்படை ஈழத்தின் வடபகுதியைக் கைப்பற்றியது. அனுராதபுரம் அழிவுற்றுப் பொலன்னறுவை சோழர் தலைநகராயிற்று. 1017 இல் முதலாம் இராசேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாடு கொண்டுவரப்பட்டு, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் இங்கேயே மாண்டான். 1070 இல் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றினான். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் ஈழமண்டலத்து ஊர்கள் சில இக்கோயிலுக்கு நெல்லும் காசும் செலுத்துமாறு விதிக்கப்பட்டிருத்தல் காணலாம். காவிரி நாட்டின் நெற்களஞ்சியக் கோயில், கடல் கடந்த வயலின் நெல்லையும் வாங்கி உண்டது.

இவ்வெற்றிகள் தஞ்சையில் பெருமையாகப் பேசப்படுகின்றன. கவிதைகளிலும் மேடைகளிலும் புலிக்கொடி பறக்கிறது. சிங்கள மக்களின் நூல்களிலோ அதே நிகழ்ச்சி விகாரங்கள் உடைக்கப்பட்ட, திருப்பொருள்கள் கொள்ளையிடப்பட்ட துயரமாகவே நிற்கிறது. 1983 முதல் 2009 வரை அத்தீவில் நடந்த போரில் ஈழத்தமிழர் பட்ட பாடு சொல்லில் அடங்காதது. அப்போரின்போது இந்த ஆயிரம் ஆண்டு நினைவை இரு தரப்பாரும் தத்தம் தேவைக்கு எடுத்தாண்டனர். இந்நிலையில் தஞ்சையிலிருந்து செல்லும் கவிஞர் ஒருவர் சோழரின் வழித்தோன்றலாகத் தம்மைக் காட்டிக்கொண்டு செல்வாராயின், அவரால் யாழ்ப்பாணத்தார்க்கும் பயனில்லை. பொலன்னறுவையில் அவரை வரவேற்கும் முகமும் இராது. கையில் பாத்திரத்தோடு சென்ற புகார்ப் பெண்ணே அவர்க்கு வழிகாட்டி. திட்டத்தின் அடிப்படை இது. இனி ஊர்களை வரிசைப்படுத்தலாம்.

முதல் நாள் தஞ்சைக்கு உரியது. பெரிய கோயிலைப் பார்ப்பதோடு சரசுவதி மகால் நூலகத்திலும் பாதி நாளைக் கழித்தல் வேண்டும். இரண்டாம் சரபோசி மன்னர் 1820 ஆம் ஆண்டில் ஏறக்குறைய 3,000 பேர் சூழக் காசி யாத்திரை புறப்பட்டவர். போகும் வழியெங்கும் தங்கி, அறம் செய்து, வடநாட்டுக் கல்வி நிலையங்களிலிருந்து சுவடிகளை வாங்கவும் படியெடுக்கவும் பண்டிதர்களை அமர்த்தினார். ஆட்சி அதிகாரம் கும்பினியாரிடம் சென்றுவிட்ட நிலையில், ஒரு யாத்திரையிலிருந்து அவர் ஊருக்குக் கொணர்ந்த செல்வம் அது.

இரண்டாம் நாள் கும்பகோணமும் திருவாவடுதுறையும். குடந்தைக் கல்லூரியில் உ. வே. சாமிநாதையர் ஆசிரியராய் இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவ்வூரில் வழக்குரைஞராய் இருந்தார். 1887 ஆம் ஆண்டில் ஒருவர் சீவக சிந்தாமணியையும் மற்றவர் கலித்தொகையையும் அச்சேற்றினர். சிந்தாமணியை யார் பதிப்பிப்பது என்பதில் இருவர்க்கும் இடையே கருத்து வேறுபாடு எழுந்ததும் உண்டு. ஆயினும் சங்க நூல்கள் ஏட்டிலிருந்து தாளுக்கு வந்த அந்தப் பெருங்காலத்தில், காவிரிக்கரைத் தெருக்களில் யாழ்ப்பாணத்தார் ஒருவரும் நடந்துகொண்டிருந்தார் என்பதை மறத்தலாகாது. ஆறுமுக நாவலருக்கு 1849 இல் நாவலர் என்னும் பட்டம் வழங்கியது திருவாவடுதுறை ஆதீனம். அவர் சிதம்பரத்தில் பாடசாலையும் நிறுவினார்.

மூன்றாம் நாள் சீகாழியும் பூம்புகாரும். சீகாழியில் இருவரை நினைக்கலாம். ஒருவர் திருஞானசம்பந்தர். இராமேசுவரத்திலிருந்தே கடலுக்கு அப்பால் உள்ள திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் அவர் பாடினார் என்பது சேக்கிழார் தரும் செய்தி. மற்றவர் 1892 இல் இவ்வூரில் பிறந்த நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன். யாழ்ப்பாணப் பொது நூலகம் அமைக்கப்பட்டபோது அதற்கு ஆலோசனை வழங்கியவர் அவர். புகாரில் பல்லவனீச்சுரத்தை ஒட்டி அகழ்வாய்வில் வெளிப்பட்ட புத்த விகாரத்தின் அடித்தளத்தைக் காணலாம். மணிமேகலையின் ஊர் அது என்பதைச் சிற்பக்கூடத்தைக் காட்டிலும் அச்செங்கற்கள் தெளிவாய்ச் சொல்லும்.

நான்காம் நாள் திருவாரூர் வழியாக நாகப்பட்டினம். சீவிசய மன்னன் இங்கே சூளாமணி விகாரத்தை எழுப்ப, இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். ஈழத்தில் விகாரங்கள் அழிந்த அதே ஆட்சியில், நாகையில் விகாரம் ஒன்று மானியம் பெற்றது. இம்முரண்பாட்டை மறைக்காமல் கொண்டு செல்லல் நன்று. நாகையில் நெடுங்காலம் நின்ற பௌத்தக் கோபுரம் ஒன்று 1867 இல் இடிக்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் காண்பதற்கு ஏதுமில்லை. 1856 முதல் அந்நகரில் கிடைத்த 300க்கு மேற்பட்ட புத்தர் செப்புத் திருமேனிகள் பல காட்சியகங்களுக்குச் சென்றுவிட்டன.

அடுத்தது கடல். 1914 முதல் தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல், 1964 டிசம்பர்ப் புயலில் தனுக்கோடி அழிந்தபின் இராமேசுவரத்திலிருந்து ஓடி, 1980களில் போர்ச்சூழலில் நின்றது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் கப்பல் தொடங்கப்பெற்றது. மழைக்காலம் குறுக்கிட்டதால் சில நாள்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டு 16 முதல் மீண்டும் ஓடலாயிற்று. ஏறத்தாழ 110 கிலோமீட்டர்த் தொலைவு. நான்கு மணி நேர அளவில் கடக்கலாம். கடவுச்சீட்டும் இலங்கை நுழைவு அனுமதியும் வேண்டும். காற்றும் மழையும் மிகுமாயின் கப்பல் ஓடாது. ஆதலின் நாகையிலும், திரும்புகையில் யாழ்ப்பாணத்திலும் ஒவ்வொரு நாளை வெற்று நாளாக விட்டுவைத்தல் வேண்டும். ஆபுத்திரனுக்கு நேர்ந்தது எவர்க்கும் நேரலாம்.

கரையேறிய பின் யாழ்ப்பாணத்தில் இரு நாள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குப் பின் செல்ல வேண்டிய இடம் பொது நூலகம். 1981 மே மாத இறுதியில் தொடங்கிய வன்முறையில் அது எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் பல சுவடிகளும் சாம்பலாயின. கட்டடம் புதுப்பிக்கப்பட்டு 2003 இல் மீண்டும் திறக்கப்பெற்றது. தஞ்சையில் சுவடிகள் பிழைத்திருப்பதையும் யாழ்ப்பாணத்தில் எரிந்ததையும் ஒரே வாரத்தில் காணும் ஒருவர், அவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு 110 கிலோமீட்டர்க் கடல் மட்டும் அன்று என உணர்வார். மறுநாள் புங்குடுதீவுக்குச் சாலைவழி சென்று, குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறி நயினாதீவை அடையலாம்.

அதன்பின் மன்னாரை அடுத்த மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம். சோழர் காலத்தில் இத்துறைமுகம் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. தாழி குமரன் என்பான் இங்கே எடுப்பித்த இராசராசேச்சரம் கல்வெட்டில் மட்டுமே இன்று உளது. பிறகு அனுராதபுரம் ஒரு நாள், பொலன்னறுவை ஒரு நாள். பொலன்னறுவையில் வானவன்மாதேவியின் பெயர் தாங்கிய சிவன் கோயில், தஞ்சைக் கோயிலின் சிறு தங்கைபோல் கல்லால் அமைந்து நிற்கிறது. அதைக் கண்டதும் மனம் மகிழ்தல் இயல்பே. அங்கேயே தமிழில் பொறித்த மற்றொரு கல்வெட்டையும் தேடிப் படித்தல் வேண்டும். வேளைக்காரப் படையினர் புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்ட கோயிலைத் தம் காவலில் ஏற்றுக்கொண்டதை அது கூறுகிறது. படைகொண்டு வந்த மொழி, அதே மண்ணில் பிறர் தெய்வத்தைக் காக்கும் உறுதிமொழிக்கும் பயன்பட்டது. கவிஞர்க்கு இதனினும் சிறந்த பாடுபொருள் அப்பயணத்தில் கிடைப்பது அரிது.

இறுதியாகத் திருக்கோணமலை. பழைய கோணேசர் கோயில் 1622 இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. 20 ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்தது. அங்கிருந்து யாழ்ப்பாணம் திரும்பிக் கப்பலேறினால், வெற்று நாள்களையும் சேர்த்து இரண்டு வாரத்தில் பயணம் நிறைவுறும்.

இரண்டு வாரம் விடுப்புப் பெற இயலாதோர் எதை விடுவது? பொதுவாகச் சிறிய ஊர்களை விட்டுப் பெரியவற்றை வைத்துக்கொள்வர். இத்திட்டத்தில் அதனை மாற்றிச் செய்தல் தகும். கோணமலையை விடலாம்; சம்பந்தரே கரையில் நின்று பாடியது கொண்டு மன அமைதி பெறலாம். அனுராதபுரத்தின் பெருந்தூபங்களை மற்றொரு முறைக்கு ஒத்திவைக்கலாம். யாழ்ப்பாண நூலகத்தையும் நயினாதீவையும் பொலன்னறுவையையும் விடுதல் ஆகாது.

பருவத்தைப் பொறுத்தவரை, ஆடிக் கடைசியும் ஆவணித் தொடக்கமும் ஏற்ற காலம். மேட்டூர் அணை வழக்கமான நாளாகிய சூன் 12 இல் திறக்கப்பெற்ற ஆண்டாயின், அப்போது கடைமடை வரை நீர் வந்திருக்கும்; வழியெங்கும் குறுவைப் பயிர் பசுமையாய் நிற்கும். நல்லூரில் 25 நாள் திருவிழாவும் பெரும்பாலும் அக்காலத்திலேயே நிகழும். திருக்கோணமலைக் கடலும் அமைதியாய் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கப்பலை நம்பிப் புறப்படுதல் கூடாது. சித்திரை, வைகாசியில் சென்றால் காவிரியில் மணலையே காண நேரும்.

இனி எஞ்சுவது சுமை. செல்லுகையில் ஒவ்வோர் அன்பரும் ஐந்து நூல்களையேனும் எடுத்துச் செல்லலாம். தஞ்சை வட்டாரத்துக் கவிஞர்களின் தொகுப்புகள், சரசுவதி மகால் வெளியீடுகள், வட்டம் பத்தாண்டில் பதிப்பித்தவை ஆகியன அவற்றுள் இடம்பெறலாம். அவை யாழ்ப்பாணத்து நூலகத்துக்கும் பள்ளிகளுக்கும் உரியன. திரும்புகையில் அதே பையில் ஈழத்துக் கவிஞர்களின் நூல்கள் வருதல் வேண்டும். இயலுமாயின் சிங்களத்திலிருந்து தமிழுக்கு வந்த கவிதைகளும் வருதல் வேண்டும். கடலுக்கு இப்பால் அந்நூல்கள் கிடைப்பது அரிதாகவே இருக்கிறது. போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்தும், அக்கரையில் எழுதுவோரின் பெயர்களை இக்கரையில் கவிதை வாசிப்போரே முழுதும் அறியார்.

திரும்பி வந்த மணிமேகலை புகாரில் தன் பயணத்தின் வியப்புகளை விரித்துரைத்துக்கொண்டிருக்கவில்லை. பாத்திரத்தை ஏந்தி வீதிக்கு வந்தாள். வட்டத்தின் பயணக்குழுவும் திரும்பிய மாதத்துக் கூட்டத்தில் தம் அனுபவம் உரைப்பதைச் சுருக்கி, கொண்டு வந்த நூல்களை அவையில் வாசிக்கட்டும். அக்கூட்டத்தின் நாளையும் கப்பல் சீட்டு எடுக்கும் முன்பே குறித்துவிடுதல் நலம்.